நீர், சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்விடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு, நீர் அல்லது சுற்றுச்சூழல் சார்ந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இடம் தேடும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே உள்ளன. ஐரோப்பா என்று இங்கே குறிப்பிடும்போது ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்றையே பெரும்பாலும் மனத்தில் கொண்டிருக்கிறேன். அமெரிக்கச் சேர்க்கை முறை வேறு என்பதால் அதைத் தொடவில்லை.

ஐரோப்பிய அறிவிப்புகள் முனைவர் பட்ட ஆய்வைப் ‘பதவி’ என்று குறிப்பிடுகின்றன. அது படிப்பா, வேலையா?

பெரும்பாலும் வேலைதான். நம் ஊர் வழக்கத்தில் ஒருவர் முதலில் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்கிறார், நெறியாளர் அமைகிறார், தலைப்பு மெல்ல உருவாகிறது, உதவித்தொகை கிடைத்தால் நல்லது என்ற வரிசையில் எல்லாம் நடக்கிறது. அங்கே இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பேராசிரியர் ஒருவர் நிதி அமைப்பிடம் முன்மொழிவு அளித்து, பணம் ஒதுக்கப்பட்ட பிறகு, அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியைச் செய்து முடிக்க ஆள் தேடுகிறார். ஆகவே அறிவிப்பு வெளியாகும்போதே ஆய்வுக் கேள்வி, காலம், ஊதியம், பல சமயங்களில் எந்த ஆற்றுப்படுகை, எந்த மாசுப்பொருள் என்பது வரை முடிவாகியிருக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, நீங்கள் பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஊழியர் என்பதால் விடுப்பு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் பொருந்தும். நெதர்லாந்தில் இது வழக்கமாக 4 ஆண்டுகள். முதலில் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒப்பந்தம் தந்து, மதிப்பீட்டுக்குப் பின் மீதிக் காலத்துக்கு நீட்டிப்பார்கள். ஜெர்மனியில் 3 ஆண்டு ஒப்பந்தங்களே மிகுதி. இரண்டாவது விளைவைத்தான் பலர் கவனிப்பதில்லை. உங்களுக்குப் பிடித்த தலைப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பதவிக்குள் பொருத்த முடியாது. நொய்யல் ஆற்றின் சாயக்கழிவைப் பற்றி எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், ஏரிப் படிவுகளில் உள்ள பாஸ்பரஸ் பற்றிய பதவிக்கு அந்த ஆர்வத்தை மட்டும் எழுதி அனுப்பினால், தேர்வுக் குழு அதைப் பொருந்தாத விண்ணப்பமாகவே படிக்கும்.

எந்தப் பட்டம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்?

கட்டடப் பொறியியல், வேளாண் பொறியியல், வேதியியல், நிலவியல், நுண்ணுயிரியல், புவியியல், இயற்பியல் எனப் பலரும் விண்ணப்பிக்கலாம். நீர்க் கொள்கை சார்ந்த இடங்களுக்குப் பொருளியல் படித்தவர்களும் வரலாம். ‘சுற்றுச்சூழல் அறிவியல்’ என்ற பெயர் பட்டத்தில் இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. சொல்லப்போனால், எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்த சுற்றுச்சூழல் பட்டதாரியைக் காட்டிலும், நிறமாலையியலை ஆழமாக அறிந்த வேதியியல் பட்டதாரி நுண்மாசு ஆய்வுகளுக்குக் கூடுதலாக விரும்பப்படுவதைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் முதுநிலைப் பட்டம் பொதுவாகத் தேவை. இந்தியாவில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 4 ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம்.

ஓர் அறிவிப்பில் எதை முதலில் படிக்க வேண்டும்?

பெரும்பாலோர் நிறுவனத்தின் பெயரையும் ஊதியத்தையும் படித்துவிட்டு, தகுதிப் பட்டியலுக்குத் தாவுகிறார்கள். நான் முதலில் படிக்கச் சொல்வது ஆய்வுக் கேள்வி விவரிக்கப்பட்டிருக்கும் இரண்டு பத்திகளை. அவற்றிலும் குறிப்பாக, அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய தரவு எங்கிருந்து வரப்போகிறது என்பதை. நீர் ஆய்வில் ஒரு முனைவர் பட்டம் காலத்தில் முடிவதும் இழுத்துக்கொண்டே போவதும் நெறியாளரின் புகழைவிடத் தரவைப் பொறுத்தே அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இந்திய ஆற்றுப்படுகை ஒன்றில் நீரோட்டக் கணினி மாதிரி (மாடல்) உருவாக்குவது பணி என்று ஓர் ஐரோப்பிய அறிவிப்பு கூறுவதாக வைத்துக்கொள்வோம். காவிரி, கிருஷ்ணா போன்ற தீபகற்ப ஆறுகளின் நீரோட்ட அளவீடுகள் மத்திய நீர் ஆணையத்தின் நிலையங்களிலிருந்து பொதுத் தரவுத் தளத்தில் கிடைக்கின்றன. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகியவை எல்லை தாண்டும் ஆறுகள் என்பதால் அவற்றின் நீரோட்டத் தரவு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அந்தப் படுகைகளில் ஒன்றைப் பற்றிய பதவி என்றால், அனுமதி ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டதா என்று கேட்காமல் சேர்வது ஆபத்து. இரண்டாம் ஆண்டு முடியும் வரை கடிதப் போக்குவரத்திலேயே காலம் போய்விடக்கூடும்.

செயற்கைக்கோள் தரவு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நிலத்தடி நீர் இருப்பின் மாற்றத்தை ஈர்ப்பு விசையின் மாறுபாட்டைக் கொண்டு கணிக்கும் ‘கிரேஸ்’ செயற்கைக்கோள் இணை 2002இல் ஏவப்பட்டது. அதன் தொடர்ச்சி 2018இல் ஏவப்பட்டது. வடமேற்கு இந்தியா போன்ற பெரும் பரப்புகளுக்கு அது அருமையான கருவி. ஆனால் அது காணும் அலகு சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ளது. ஒரு வட்டாரத்தின் கிணறுகளைப் பற்றி அதை மட்டும் வைத்துப் பேசப்போவதாக ஒரு திட்டம் உறுதியளித்தால், அந்தத் திட்டத்தை எழுதியவரின் கவனத்தைப் பற்றி ஐயம் கொள்ளலாம்.

மறுபக்கம், பல ஆண்டுகளாகத் தொடர்ந்து அளவிடப்பட்டுவரும் களங்களைச் சார்ந்த பதவிகள் உண்டு. லைப்சிக் நகரிலுள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் ஹார்ஸ் மலைப்பகுதியிலிருந்து இறங்கும் போடெ ஆற்றுப்படுகையை நீண்டகாலக் கண்காணிப்புக் களமாக வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ‘ஈவாக்’ நீர் ஆய்வு நிறுவனம் ஃபேரால்டோர்ஃப் என்ற சிற்றூரின் மழைநீர், கழிவுநீர் வலையமைப்பு முழுவதிலும் உணரிகளைப் பொருத்தி வைத்திருக்கிறது. இத்தகைய இடத்தில் சேரும் ஆய்வாளருக்கு முதல் நாளிலேயே தரவு காத்திருக்கிறது. கவர்ச்சி குறைவு போலத் தோன்றலாம். முடிக்கும் வாய்ப்பு அதிகம்.

களம் தமிழ்நாட்டில் என்றால் பருவத்தையும் எண்ணிப் பாருங்கள். நம் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. 3 ஆண்டு ஒப்பந்தத்தில் மொத்தமே மூன்று பருவங்கள்தான் உண்டு. முதலாவது, கருவிகள் சுங்கத்தில் நிற்கும்போதே கடந்துவிடலாம். மூன்றாவது, ஆய்வேடு எழுதும் காலத்தில் வரும். உண்மையில் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நல்ல பருவம். அந்த ஆண்டு மழை பொய்த்தால் மாற்று என்ன என்பதற்குத் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும்.

அறிவிப்பில் ‘13ஆம் ஊதியப் பிரிவு, 65 விழுக்காடு’ என்று இருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

ஜெர்மனியில் அரசுசார் ஊதிய ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு, முதுநிலைப் பட்டம் பெற்ற ஆய்வாளர்களுக்கு உரியது. 65 விழுக்காடு என்றால் முழுநேர ஊதியத்தில் அந்தப் பங்கு மட்டுமே உங்களுக்கு வரும். மீதி நேரத்தில் சும்மா இருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் ஆய்வேட்டை எழுதுகிறீர்கள் என்பது அங்குள்ள மரபான வாதம். நடைமுறையில் எல்லோரும் முழுநேரமே உழைக்கிறார்கள். இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் விண்ணப்பிக்கும் முன் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். பொறியியல் துறைகளில் 100 விழுக்காடு வழங்கும் இடங்களும் உண்டு. தனியாக வாழ 65 விழுக்காடு போதும். குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் வாடகையை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு), கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு) இல்லாமல் வழி உண்டா?

உண்டு, ஆனால் குறுகலான வழி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவருக்கு உதவித்தொகையும் கூடவே வருகிறது: 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாய், இவற்றோடு வீட்டு வாடகைப் படி. அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு (சி.எஸ்.ஐ.ஆர்.) நடத்தும் நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப்பாடமாக இல்லை. புவி அறிவியல், வேதியியல், உயிர் அறிவியல் ஆகிய தாள்களின் வழியே வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனித் தாளாகவே உள்ளது. 2024 ஜூன் தேர்விலிருந்து, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறும் மூன்றாவது பிரிவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் உதவித்தொகை கிடையாது என்பதைப் பலர் முடிவு வந்த பிறகே அறிகிறார்கள்.

பொறியியல் பட்டதாரிகளுக்குக் கேட் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். 2021 முதல் அதில் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கெனத் தனித் தாள் இருக்கிறது. பிரதமர் ஆய்வு உதவித்தொகை மாதம் 70,000 ரூபாயில் தொடங்கி 80,000 வரை போகிறது, போட்டி கடுமை.

தேர்வு எதுவும் இல்லாதவர்களுக்கு உள்ள வழி, நிதி பெற்ற திட்டங்களில் திட்ட ஆய்வாளராகச் சேர்வது. இது தற்காலிகப் பணி. தானாக முனைவர் பட்டப் பதிவாக மாறாது. சேரும் முன்பே, ‘இந்தத் திட்டத்தின் தரவைக் கொண்டு நான் பகுதிநேரமாகவோ முழுநேரமாகவோ பதிவு செய்ய இயலுமா?’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஓர் ஆண்டு நீர் மாதிரிகளைச் சேகரித்துத் தந்துவிட்டு, வேறொருவரின் ஆய்வேட்டின் நன்றியுரையில் மட்டும் பெயர் வந்த ஆய்வாளர்கள் நம்மிடையே ஏராளம்.

எந்த நிறுவனங்களைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பல ஆய்வு நிறுவனங்கள் தாமே பட்டம் வழங்குவதில்லை. டூபன்டார்ஃபில் இயங்கும் ஈவாக், 1936இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆலோசனை நிலையமாகத் தொடங்கியது. அங்கே ஆய்வு செய்பவர்கள் சூரிச்சிலோ லோசானிலோ உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகளில் அல்லது வேறு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து பட்டம் பெறுகிறார்கள். நெதர்லாந்தின் லேவார்டன் நகரிலுள்ள ‘வெட்சுஸ்’ நீர்த் தொழில்நுட்ப மையமும் அப்படியே: ஆய்வு அங்கே, பட்டம் பல்கலைக்கழகத்தில். டெல்ஃப்டிலுள்ள நீர்க் கல்வி நிறுவனம் 1957இல் தொடங்கியது. வளரும் நாடுகளின் நீர்ப் பொறியாளர்களுக்காகவே உருவானது என்பதால் ஆசிய, ஆப்பிரிக்க ஆற்றுப்படுகைகளைப் பற்றிய ஆய்வுகள் அங்கே மிகுதி.

இந்தியாவில் நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1958இல் தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதன் கிளை மையம் உண்டு. அங்கே சேர்பவர்கள் அறிவியல், புத்தாக்க ஆய்வுக் கழகத்தின் வழியே பட்டம் பெறுகிறார்கள். ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவனமும் கோழிக்கோட்டின் நீர்வள மேம்பாட்டு மையமும் 1978இல் பிறந்தவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நீர் ஆய்வுக்கெனப் பல்துறை மையம் இருக்கிறது. சென்னையில் ஐ.ஐ.டி.யின் கட்டடப் பொறியியல் துறையிலுள்ள சுற்றுச்சூழல், நீர்வளப் பிரிவு, அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், கடலோரம் பற்றி என்றால் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம். கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நீர் நுட்ப மையம். குடிநீரில் நச்சு நீக்கத்தில் ஆர்வமுள்ளவர்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு ஆர்செனிக்கை அகற்ற உருவாக்கிய நுண்பொருள் வடிகட்டிகள் பற்றிய கட்டுரைகளைப் படிக்கலாம். வேதியியல் துறையிலிருந்தும் நீர் ஆய்வுக்கு வரலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

இலங்கை மாணவர்களுக்கு, கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் அருகிலேயே இருக்கிறது. அதுவும் பட்டம் வழங்கும் இடம் இல்லை, ஆனால் பதிவு பெற்ற மாணவர்கள் அங்கே ஆய்வு செய்ய வாய்ப்புண்டு.

மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளுக்கு இந்தியர் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம், நாட்டு வரம்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், பல நாடுகளின் நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் திட்டங்கள் இவை. ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. இடப்பெயர்ச்சி விதி இன்னொன்று, இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: பணியமர்த்தப்படும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், உங்களை அமர்த்தும் நிறுவனம் உள்ள நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ பணியாற்றியிருக்கவோ படித்திருக்கவோ கூடாது.

டெல்ஃப்டில் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பை முடித்த கையோடு நெதர்லாந்திலேயே இத்தகைய இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அதே வலையமைப்பில் டென்மார்க்கிலோ ஸ்பெயினிலோ உள்ள இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையிலிருந்து நேராகப் போகிறவருக்கு எந்த நாடும் தடையில்லை. இந்த வகையில் ஊரில் இருப்பதே சாதகம் என்பது அபூர்வமான நிலைமை, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊதியமாக அறிவிக்கப்படும் தொகை பெரிதாகத் தோன்றும். அதில் வேலை வழங்குபவர் செலுத்த வேண்டிய பிடித்தங்களும் அடக்கம் என்பதால், கைக்கு வருவது கணிசமாகக் குறையும்.

பேராசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பலாமா?

அறிவிப்பில் தொடர்பு கொள்ளலாம் என்று இருந்தால் அனுப்புங்கள். ஆனால் கேட்பதற்கு உண்மையான கேள்வி இருக்க வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்மிக்க ஆய்வகத்தில்’ என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து விவரித்து, பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பப்படும் கடிதங்கள் முதல் வரியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். அவர் அண்மையில் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒன்றை அல்லது உங்கள் முதுநிலை ஆய்வோடு தொடர்புள்ள ஒன்றை ஆறேழு வரிகளில் எழுதுவது போதும். மேலே சொன்ன தரவு பற்றிய கேள்வியே பல சமயம் மிகச் சிறந்த முதல் கேள்வி. அனுபவம் உள்ளவரே அதைக் கேட்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நிரலாக்கம் தெரியாது. ஆய்வகப் பணி மட்டுமே செய்திருக்கிறேன். பாதகமா?

பதவியைப் பொறுத்தது. நிலத்தடி நீரோட்டம், வெள்ளக் கணினி மாதிரி போன்றவற்றுக்கு நிரலாக்கம் இல்லாமல் நுழைவது கடினம். ஆய்வகப் பதவிகளிலும் ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கையாள வேண்டியிருப்பதால் பைத்தான் அல்லது ஆர் மொழியில் அடிப்படை தேவை. சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் அறிவுரை. உங்கள் மாவட்டத்தின் 20 ஆண்டு மழையளவை எடுத்து, விடுபட்ட நாட்களைக் கண்டறிந்து, பருவவாரியாகப் பிரித்து, வரைபடம் ஒன்றை உருவாக்கி, அந்த நிரலைப் பொதுவில் வையுங்கள். தேர்வுக் குழுவினர் அதைத் திறந்து பார்ப்பார்கள். நிலத்தடி நீருக்கு மோட்ஃப்ளோ, படுகை நீரியலுக்கு ஸ்வாட், வரைபடத்துக்கு க்யூ.ஜி.ஐ.எஸ். ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசமாகக் கிடைப்பவை.

களத்தில் நீர் மாதிரி எடுக்கத் தெரிந்தவர்கள் தங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் தேங்கிய நீரை எவ்வளவு நேரம் வெளியேற்றிய பிறகு மாதிரி எடுத்தீர்கள், உலோகங்களுக்கான மாதிரியை எப்போது வடிகட்டி அமிலம் சேர்த்தீர்கள் என்று எழுதக்கூடியவர், கருவியின் பெயரை மட்டும் பட்டியலிடுபவரைவிட எங்கும் முன்னே நிற்பார்.

ஜெர்மன் மொழி தெரிய வேண்டுமா?

ஆய்வுக்குப் பெரும்பாலும் தேவையில்லை; ஆங்கிலம் போதும். உழவர்கள், நகராட்சி ஊழியர்கள், நீர் வாரியங்களோடு பேச வேண்டிய களப்பணி என்றால் அறிவிப்பிலேயே கேட்டிருப்பார்கள். வாடகை வீடு தேடும்போது மொழியின் அருமை தானாகப் புரியும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

வழக்கமாக உங்கள் முதுநிலை ஆய்வைப் பத்து, பதினைந்து நிமிடம் விளக்கச் சொல்வார்கள், பிறகு கேள்விகள். ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள், பிழை எங்கே இருக்கக்கூடும், மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்பவை எதிர்பார்க்க வேண்டியவை. ‘என் நெறியாளர் சொன்னார்’ என்பது இங்கே பதிலாகாது. நைட்ரேட் அளவு கோடையில் ஏன் குறைந்தது என்று கேட்டால், தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, இரண்டு சாத்தியமான காரணங்களையும் அவற்றை எப்படிச் சோதிப்பீர்கள் என்பதையும் கூறுங்கள். நம் வகுப்பறைகளில் தெரியாது என்பதைத் தோல்வியாகவே பழக்கிவிட்டார்கள். அந்த அறையில் அது அப்படிக் கருதப்படுவதில்லை.

ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இந்தியாவில் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நாடு தழுவிய நிபந்தனையை 2022 விதிமுறைகள் நீக்கின. பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் வெளியான கட்டுரையைத் தன்விவரத்தில் சேர்ப்பது, எதுவும் இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

பணி ஆணை வந்துவிட்டது. கையெழுத்திடும் முன் எதைக் கேட்க வேண்டும்?

ஒப்பந்தம் ஆய்வுக் காலம் முழுவதற்குமா, பகுதிக்கா. நிதி முடிந்தும் ஆய்வேடு முடியாவிட்டால் என்ன வழி. அன்றாட வழிகாட்டுதலை யார் செய்வார், பேராசிரியரா, அவர் குழுவின் வேறொருவரா. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, அதன் சேர்க்கை உங்கள் இந்தியப் பட்டத்தை ஏற்குமா. கடைசிக் கேள்வி ஜெர்மனியில் முக்கியம்: வேலைக்குத் தேர்வாவதும் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டப் பதிவும் இரண்டு தனி நடைமுறைகள். அங்குள்ள சட்டம், தற்காலிக ஒப்பந்தத்தில் பட்டத்துக்கு முன் 6 ஆண்டுகளையே பொதுவாக அனுமதிக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அதே குழுவில் இப்போது ஆய்வு செய்யும் ஒருவரிடம் தனியாகப் பேசக் கேளுங்கள். நல்ல குழுக்கள் அதை அவர்களாகவே ஏற்பாடு செய்கின்றன. தொடங்கும் தேதியைப் பேசித் தீர்மானிக்க இடமிருந்தால், விசாவுக்குச் சில மாதங்களை ஒதுக்கிவிட்டு, களம் தமிழ்நாட்டில் என்னும் பட்சத்தில் சித்திரை, வைகாசியில் சேர முயலுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அளவுகோல்களையும் உணரிகளையும் ஆற்றில் பொருத்த அதுவே போதுமான காலம் தரும்.